கிளியர் நானாவும் மங்கலான பதினொரு பேரும்

கண்டி மாவட்டத்தில் பிறந்து, கண்டி மாவட்டத்திலேயே வளர்ந்து, மூடுபனியைத் தன் சொந்த எதிரியாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் கிளியர் நானாதான். உலகத்தில் மங்கலான பொருள் என்று ஒன்று இருந்தால், யாரோ வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று அர்த்தம். இதுதான் அவருடைய கட்சி. அந்தக் கட்சியின் தலைவரும் செயலாளரும் ஒரே உறுப்பினரும் அவர்தான்.

கட்டுகஸ்தோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவருக்கு ஒரு கடை இருந்தது. பெனர் அடிப்பது, பெயர்ப்பலகை, கல்யாணக் கார்ட், போத்தல் லேபல் என்று எல்லாம் நடக்கும். புசல்லாவையிலிருந்து வந்த நான் பக்கத்து ஒழுங்கையில் ஒரு போர்டிங்கில் தங்கிக்கொண்டு அங்கே டிசைன் வேலை பார்த்தேன். அவருக்கு வாப்பாவும் உம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தவர்கள் யாரும் கடைக்கு வந்து சேர்ந்ததில்லை. கிளியர் நானா கடை என்றால் த்ரீவீல்காரர் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவார்.

போனில் யார் எது சொன்னாலும் "கிளியரா செல்லுங்க" என்பார், சொல்லுங்க என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். முஸ்லிம் வீடுகளில் நானா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா, அதனால் அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். ஒருநாள் ராத்தா போன் எடுத்து, வரும்போது பாண் வாங்கி வரச் சொன்னார். என்ன பாண், ரோஸ் பாணா அச்சுப் பாணா, வெட்டினதா வெட்டாததா, எந்த பேக்கரி, முந்தி அடுப்பில் போட்டதா பிந்திப் போட்டதா என்று நானா கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அன்று வீட்டில் இடியப்பம்.

கடைக்கு மூக்குக்கண்ணாடி போட்டு வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். நானா மேசையைச் சுற்றி வந்து, அவர்களுடைய கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டை நுனியில் துடைத்து, திரும்பவும் மாட்டிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். ஒருமுறை ஒரு பாடசாலை அதிபர் கோபமாக வந்தார். விளையாட்டுப் போட்டிக்கு அடித்த பெனர் முழுக்க மங்கலாக இருக்கிறதாம். பெனரை மேசைமேல் விரித்துப்போட்டு, "இதையெல்லாம் ஒரு வேலைன்னு செய்றீங்களா?" என்று கேட்டார். நானா அதிபரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அதிபர் பெனரைப் பார்த்தார். நானாவைப் பார்த்தார். பிறகு பெனரைச் சுருட்டிக்கொண்டு, "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவர் கையில்தான், எழுதினால் படம் போட்டுத் தருகிற செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. கொண்டுவந்து சேர்த்தவள் நான்.

அந்த இணையத் தளத்தில் நமக்கு வேண்டியதை எழுதி முடித்ததும் கீழே சின்னதாக ஒரு கேள்வி இருக்கும். தரம் என்ன, லோவா, மீடியமா, ஹையா? லோ என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் வந்துவிடும், ஆனால் முகம், விரல், இலை எல்லாம் கொஞ்சம் கரைந்த மாதிரி இருக்கும். ஹை என்றால் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரியும், ஆனால் காத்திருக்க வேண்டும். மாதாமாதம் கிடைக்கிற பொயின்டுகளையும் அது மளமளவென்று தின்றுவிடும்.

நான் பொறுமையாக விளக்கினேன். "நானா, மொதல்ல லோவுல போட்டு ஆளு எங்க நிக்குது, மரம் எங்க நிக்குதுன்னு பாத்துக்குவோம். எல்லாம் சரியா வந்தப்பறம் ஹையில போட்டுக்கலாம்."

நானா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தங்கச்சி, ஆஸ்பத்திரியில டொக்டர் வந்து, ஒங்களுக்கு லோவா வைத்தியம் பாக்கவா, ஹையா பாக்கவாண்டு கேட்டா என்ன செல்லுவீங்க?"

"அது வேற நானா."

"ஒண்டும் வேற இல்ல. ஹை போடுங்க."

அன்றிலிருந்து கடையில் எல்லாம் ஹைதான். ஒரு அம்மா அச்சாறு போத்தலுக்கு லேபல் கேட்டு வந்தார். பெருவிரல் அளவு லேபல். அதற்கும் ஹை. அன்று இன்டர்நெட் வேறு இழுத்துக்கொண்டிருந்ததால் அந்த அம்மா சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார், படம் இன்னும் வந்துகொண்டிருந்தது. அச்சடித்துப் பார்த்தால் மிளகாய் ஒரு சிவப்புப் புள்ளி. நானா மேசை லாச்சியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, "காம்பப் பாருங்க, காம்புல தூசி ஈக்கி" என்று காட்டினார். ஈக்கி என்றால் அவர் பேச்சில் இருக்கிறது. "அச்சாறு வாங்கற ஆளுங்க எல்லாம் இதக் கொண்டாருவாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அடுத்தது வட்டிலப்பம் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு விற்கிற ஒருவரின் பெயர்ப்பலகை. கிண்ணத்தில் வட்டிலப்பம், அதன்மேல் கஜு என்கிற முந்திரிப் பருப்பு, ஒரு கை கரண்டியால் எடுக்கிறது. ஹையில் வந்த படத்தைப் பார்த்தால் கஜுவின் நரம்புகூடத் தெரிந்தது. கரண்டி பிடித்த கையில் ஆறு விரல். லோவாக இருந்திருந்தால் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

வட்டிலப்பக்காரர் இரண்டு முறை எண்ணினார். "நானா, ஆறு விரல் ஈக்கி."

"அதானே செல்றன்," என்றார் நானா பெருமையாக. "எண்ணிப் பாக்கக்கூடிய அளவுக்குக் கிளியரா ஈக்கி."

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஹுன்னஸ்கிரிய விவகாரம். அங்கே தங்குவிடுதி நடத்துகிற ஒருவர், தேயிலை மலையும் அதன்மேல் தவழும் பனியுமாக ஒரு படம் கேட்டார். பனியைப் பார்க்கத்தானே கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் எழுதிக் கொடுத்ததை நானா வாசித்துவிட்டு, 'மிகத் தெளிவான பனி' என்று தன் கையால் திருத்தினார். வந்த படத்தில் வெயில் கொளுத்தியது. ஒவ்வொரு தேயிலைக் கொழுந்தையும் தனித்தனியாக எண்ணலாம்.

"பனி எங்க நானா?" என்று கேட்டார் விடுதிக்காரர்.

"பனி ஈக்கி. கிளியரா ஈக்கிறதால தெரியல்ல."

விடுதிக்காரர் அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு போனார். பேசி ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கடந்து வந்த எங்களுக்கு ஒருநாள் மெய்யாகவே சோதனை வந்தது. மடவளையிலிருந்து மூன்று பேர் கடைக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் ஹாஜியார். வாலிபத்தில் ஊர் உதைபந்தாட்டக் குழுவின் கப்டன். அவருக்குப் பின்னால் பண்டா ஐயா. அந்தக் காலத்தில் வலது பக்கத்தால் பந்தைக் கொண்டு ஓடினவர், இப்போது எங்கள் கடைக்கு எதிரே பழக்கடை வைத்திருக்கிறார். மூன்றாமவர் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே கோல் கீப்பராகவும் நின்றவர்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் அவர்கள் பதினொரு பேரும் கொட்டுகிற மழையில், முழங்கால் சேற்றில், டவுனிலிருந்து வந்த பெரிய குழு ஒன்றைத் தோற்கடித்துக் கப் எடுத்தார்கள். படம் பிடிக்க வந்தவர் கமராவைக் கொண்டுவந்தார், பிலிம் போட மறந்துவிட்டார். ஆக, ஊரே இன்றைக்கும் பேசுகிற அந்த வெற்றிக்கு ஒரு படம் கிடையாது. இப்போது மைதானத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அதன் சுவரில் அந்தப் படம் இருக்க வேண்டும்.

"கம்பியூட்டர் படம் கீறுமாமே தம்பி. எங்களையும் கீறித் தரச் சொல்லுங்கோ," என்றார் மாஸ்டர்.

நானாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "கிளியரா செல்லுங்க. ஒவ்வொரு ஆளா செல்லுங்க," என்று கதிரைகளை இழுத்துப் போட்டார்.

அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஹாஜியாரின் மீசை, மாஸ்டரின் சுருட்டை முடி, பண்டா ஐயாவின் ஒல்லிக் கால். எழுதி முடித்ததும் நானா தானே வந்து ஹையை அழுத்தினார். எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். படம் வந்தது.

பதினொரு சினிமா நடிகர்கள். எல்லோருக்கும் வெள்ளை வெளேரென்ற பல். முழங்காலில் ஒட்டிய சேறு, ஜேர்சியின் நூல், மழைத்துளிக்குள் ஒளி என்று எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. குறை ஒன்றே ஒன்று. அவர்களில் யாரையும் யாருக்கும் தெரியாது.

ஹாஜியார் வெகு நேரம் பார்த்தார். "நடுவுல கப்ப வெச்சிக்கொண்டு நிக்கிறது யாரு?"

"நீங்கதான் ஹாஜியார்," என்றார் நானா.

"என்ட மூக்கு இப்பிடியா?"

மூக்கைத் திருத்தச் சொல்லி எழுதினோம். மூக்கு திருந்தி வந்தது, ஆனால் பண்டா ஐயாவுக்குத் தாடி முளைத்திருந்தது. தாடியை எடுத்தோம். மாஸ்டர் வழுக்கையானார். ஒரு முகத்தைத் தொட்டால் மற்றப் பத்து முகமும் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் ஹை, ஒவ்வொரு முறையும் காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் படு தெளிவாகப் புதிதாகப் பதினொரு அந்நியர்கள்.

கடைசியில் வந்த படத்தில் கப் பிடித்திருந்தவர் கொஞ்சம் ஒல்லியாக இருந்தார். பண்டா ஐயா தலையை ஆட்டினார். "ஆ, இது சரி. இது நான்தானே. கோல் போட்டது நான், கப் எடுத்தது நான்."

"கப்டன்தான் கப் எடுக்கிற," என்றார் ஹாஜியார்.

"நீ பிறகுதானே என்ட கையில இருந்து பறிச்சது."

"நான் பறிச்சனா?"

இத்தனை வருடம் கழித்து அந்தக் கப் திரும்பவும் அவர்களுக்கு நடுவில் வந்து நின்றது. குரல்கள் உயர்ந்தன. பண்டா ஐயா எழுந்து வீதியைக் கடந்து தன் பழக்கடைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஹாஜியார் பஸ்ஸில் ஏறினார். மாஸ்டர் மட்டும் வாசலில் நின்றார்.

"தம்பி, இந்தப் படம் வேண்டாம். இவ்வளவு காலமும் படம் இல்லாதபடியாத்தான் நாங்கள் சிநேகிதமா இருந்திருக்கிறம்," என்று சொல்லிவிட்டு அவரும் நடந்தார்.

நானா அன்று சாப்பிடவில்லை. ராத்தா கொடுத்தனுப்பிய சோற்றுப் பார்சல் அப்படியே இருந்தது. "எல்லாம் கிளியராத்தானே ஈந்திச்சி தங்கச்சி," என்று என்னிடம் கேட்டார். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

"தெளிவா இருந்துச்சு நானா. ஆனா அவங்க அதுல இல்லையே," என்றேன்.

மறுநாள் பின்னேரம் நானா பள்ளிக்குத் தொழப் போன நேரம் பார்த்து, என் ஆசைக்கு அதே விவரத்தை எழுதி லோவை அழுத்தினேன். வந்து விழுந்த படத்தில் மழை இருந்தது, சேறு இருந்தது, தோளில் கை போட்டு நிற்கிற பதினொரு பேர் இருந்தார்கள். முகங்கள் எல்லாம் ஈரச் சுவரில் விரலால் தேய்த்தது போல இருந்தன. நடுவில் இரண்டு பேருக்கு இடையே மஞ்சளாக ஏதோ பளபளத்தது.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் உள்ளே வந்தார். ஓடரைக் கென்சல் பண்ணுவதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வந்திருந்தார். சொல்ல வாயெடுத்தவர் திரையைப் பார்த்தார். பக்கத்துக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அண்டைக்கு இப்பிடித்தான் மழை," என்றார். பிறகு விரலை நீட்டி, "இது நான்."

எனக்கு அதில் ஒரு மூக்குகூடத் தெரியவில்லை.

அவர் எழுந்து வாசலுக்குப் போய், வீதியைப் பார்த்து, "பண்டா, இஞ்ச வா," என்று கூப்பிட்டார். நேற்றுச் சண்டை போட்ட குரல் இல்லை அது. பந்தைத் தன் பக்கம் கேட்கிற குரல். பண்டா ஐயா கையில் ஒரு அவகாடோவோடு அப்படியே வந்தார். திரையைப் பார்த்ததும் சிங்களத்தில், "மே மம," என்றார். இது நான் என்று அர்த்தம். அவர் விரல் வைத்ததும் ஹாஜியார் காட்டிய அதே ஆள்மேல்தான்.

ஹாஜியார் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓ, அது நீதான்," என்றார் கடைசியில். "நான் பக்கத்துல. கப்ப ரெண்டு பேரும்தானே புடிச்சிக்கொண்டு ஈக்கிறோம்."

"ரெண்டு பேரும்தான்," என்றார் பண்டா ஐயா. அவகாடோவை ஹாஜியார் கையில் கொடுத்தார்.

மாஸ்டருக்கும் போன் போனது. அவர் வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். ஓரத்தில் ஒரு உருவம் குனிந்த மாதிரி இருந்தது. கம்பியூட்டர் சரியாகப் போடாமல் விட்ட ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். மாஸ்டர் அதைக் காட்டி, "இவன் எங்கட ரவி. பூட்ஸ் கயிறு கட்டுறான். எந்தப் படத்துக்கும் இவன் நிமிர்ந்து நிண்டதில்லை," என்றார். ரவி இறந்து கனகாலம் என்று ஹாஜியார் என் காதோரம் சொன்னார். மூன்று பேரும் அந்தத் திட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நானா தொழுதுவிட்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் அவருடைய நெற்றி சுருங்கியது. "இதென்ன, லோவா?"

"ஆமா நானா."

நேரே வந்து மவுசைப் பிடித்தார். அம்புக்குறி ஹைக்கு மேலே போய் நின்றது. நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அழுத்தவில்லை. திரும்பி, ஹாஜியாரைப் பார்த்தார்.

"இதுல நீங்க யாரு?"

ஹாஜியார் காட்டினார்.

"மூக்கு?"

"ஈக்கி."

"எங்க ஈக்கி?"

"ஈக்கி நானா. எனக்குத் தெரியிது."

நானா பண்டா ஐயாவிடம் கேட்டார். மாஸ்டரிடம் கேட்டார். மற்ற எட்டுப் பேரும் யார் யாரென்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொரு பெயரும் தடுமாறாமல் வந்தது. நானா மவுசிலிருந்து கையை எடுத்தார். பிறகு பரம்பரைக் காணியை எழுதிக் கொடுக்கிறவர் குரலில், "இதத்தான் அடிக்கிற தங்கச்சி. ஒண்டும் தொட வாணாம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் முழுச் சுவரையும் பிடித்துக்கொண்டு படம் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் சாயக் கலங்கல். நானா அதற்கும் வழி வைத்திருந்தார். தரையில் வெள்ளைச் சோக்கால் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டருகே தானே காவல் நின்றார். பிரதம விருந்தினர் கோட்டைத் தாண்டப் போனபோது, கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "இஞ்ச நிண்டு பாருங்க சேர், இஞ்ச நிண்டாத்தான் கிளியர்," என்றார். ஹாஜியாரின் மகள் வந்து நின்று, "வாப்பா, நீங்க எது?" என்று கேட்டாள். ஹாஜியாரும் பண்டா ஐயாவும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். வெளியே ரபான் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கிரிபத் என்ற பால்சோறும் வட்டிலப்பமும் மாஸ்டர் வீட்டு மோதகமும் ஒரே மேசையில் இருந்தன. நான் எல்லாவற்றிலும் இரண்டு முறை சாப்பிட்டேன்.

நானா திருந்திவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. மறு பக்கத்துக்குப் பாய்ந்துவிட்டார். அந்த வாரம் கல்யாணப் பெனர் கேட்டு ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நானா இருவரையும் அன்போடு பார்த்து, "லோ போடுவமா? முகம் தெரியாட்டி சண்டை வராது," என்றார். அந்தப் பெண் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வையில் கல்யாணமே நின்றிருக்கும். நான் குறுக்கே பாய்ந்து சமாளித்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்தார். யார் வந்தாலும், "இது எதுக்கு? யாரு பாக்கிற? எங்க நிண்டு பாக்கிற?" என்று கேட்பார். அச்சாறு லேபலுக்கு லோ, கடைப் பலகைக்கு மீடியம், பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கல்யாணக் கார்டுக்கு ஹை. ஹுன்னஸ்கிரிய விடுதிக்காரரைத் தானே போனில் கூப்பிட்டு, பனி போட்டுப் புதுப் படம் கொடுத்தார். கேள்விகளை மட்டும் குறைக்கவே இல்லை. ஒரு விசிட்டிங் கார்ட் அடிக்க வந்தவர் தன் வாழ்க்கை வரலாற்றையே சொல்லிவிட்டுத்தான் போக முடிந்தது.

பிறகு எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. கடைசி நாளில் நான் விடைபெற வந்தபோது நானா உள்ளே போய்ப் பிரின்டரைக் கழற்றிப்போட்டுத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். அது நேற்றுத்தான் துப்புரவு செய்த பிரின்டர். நான் பஸ் ஏறிய பிறகு ராத்தாவிடமிருந்து போன் வந்தது. "பிள்ள, ஜன்னல் பக்கம் சீட் கெடச்சாண்டு நானா கேக்கச் சென்ன." பின்னால் நானா, வலது பக்க ஜன்னலா இடது பக்க ஜன்னலா என்று கேட்கச் சொல்வதும் கேட்டது.

அடுத்த மாதம் எனக்கு லீவு. வீட்டுக்குப் போகிறேன். கொழும்பிலிருந்து புசல்லாவைக்கு, எந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தாலும், போகிற வழியில் கட்டுகஸ்தோட்டை வராது. நான் அந்த வழியாகத்தான் போகப்போகிறேன்.